அம்பைவிட மூத்த ஆள்: டான்யூப் கரை எலும்புகளில் மீன் செய்த குளறுபடி

ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றங்கரையில் ஒருவரைப் புதைத்தார்கள். அவர் உடம்பில் பாய்ந்திருந்த எலும்பு அம்புமுனையை யாரும் பிடுங்கவில்லை. அதோடேயே குழிக்குள் போனார். 1990களில் ஆளையும் அம்பையும் ஒரே குழியிலிருந்து எடுத்து, தனித்தனியாகக் கார்பன் காலக்கணிப்பு செய்து பார்த்தார்கள். ஆளுக்கு வந்த வயது அம்பின் வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் அதிகம். அந்தக் கணக்கை அப்படியே நம்பினால், அவர் செத்துப் பல தலைமுறை கழிந்த பிறகுதான் அவர் மேல் அம்பு பாய்ந்திருக்க வேண்டும்.

இந்தக் குளறுபடிக்குக் காரணம் அவருடைய சாப்பாடு. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், பிறகு என்னென்ன மாறியது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். புதைக்கப்பட்டவர்களின் பெயர் நமக்குத் தெரிய வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் நடுவில் டான்யூப் மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்குக்கு 'இரும்பு வாயில்' என்று பெயர். 1960களில் ருமேனியாவும், செர்பியாவை உள்ளடக்கியிருந்த யூகோஸ்லாவியாவும் சேர்ந்து அங்கே ஒரு பெரிய அணை கட்டத் தொடங்கின. தண்ணீருக்குள் போகவிருந்த கரையை அவசர அவசரமாகத் தோண்டியபோது, செர்பியப் பக்கத்தில் லெப்பென்ஸ்கி வீர் என்ற இடம் வெளிப்பட்டது. பெல்கிரேடு பல்கலைக்கழகத்தின் த்ரகோஸ்லாவ் ஸ்ரேயோவிச் 1965 முதல் 1970 வரை அங்கே அகழாய்வு நடத்தினார்.

கிடைத்தது யாரும் எதிர்பாராத ஒன்று. சரிவக வடிவத்தில் வரிசை வரிசையாக வீடுகள். சுண்ணாம்பு போட்டு இறுக்கிய தரை, நடுவில் கல் பதித்த அடுப்பு. அடுப்பை ஒட்டி, மனித முகமும் மீன் வாயும் கலந்த கற்சிலைகள். பல வீடுகளில் தரைக்கு அடியிலேயே பிணங்களைப் புதைத்திருந்தார்கள். வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள் இப்படி ஊர் அமைத்து உட்கார்ந்திருப்பார்களா, அல்லது இது உழவு தெரிந்தவர்கள் வந்த பிறகு எழுந்த ஊரா என்று அப்போது தொடங்கிய வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது.

பள்ளத்தாக்கு முடிந்து ஆறு விரியும் இடத்தில், ருமேனியக் கரையில் இருப்பது ஸ்கேலா கிளடோவெய். அங்கேயும் வேட்டையாடி மீன் பிடித்து வாழ்ந்த மக்களின் புதைகுழிகள் உண்டு. 1990களில் ருமேனிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து அங்கே வேலை செய்தார்கள். அம்பு பட்ட ஆட்கள் கிடைத்தது இங்கேதான்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அனத்தோலியா (இன்றைய துருக்கி) பக்கமிருந்து ஆடு, மாடு, கோதுமையோடு நகர்ந்த மக்கள் பால்கனின் இந்தப் பகுதியை எட்டியது கி.மு. 6200ஐ ஒட்டி. பழைய வாழ்க்கை புதியதாக மாறிய காலம் இரண்டு மூன்று நூற்றாண்டுக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தில் நானூறு ஆண்டுப் பிழை என்றால், உழவர் வந்த பிறகு இறந்த ஒருவர் உழவர் வருவதற்கு முன் வாழ்ந்தவராக மாறிவிடுவார். அளக்க வேண்டிய துணியைவிட அளவுகோலின் ஆட்டம் பெரிது.

முதலில் கண்ணில் பட்டது

கீழடிச் செய்திகளைப் படித்த நமக்குக் கார்பன் காலக்கணிப்பு புதிதில்லை. உயிரோடு இருக்கும்வரை செடியும் விலங்கும் காற்றிலுள்ள கார்பன்-14ஐ நேராகவோ உணவு வழியாகவோ உடம்பில் சேர்த்துக்கொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும், இருப்பு மட்டும் 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் கரையும். மிச்சத்தை அளந்தால் வயது கிடைக்கும்.

லெப்பென்ஸ்கி வீரில் கிடைத்த அடுப்புக்கரிகளின் கார்பன் வயது 7360க்கும் 6560க்கும் இடையில் வந்திருந்தது (1950ஐத் தொடக்கமாக வைத்துப் பின்னோக்கி எண்ணும் கார்பன் ஆண்டுகள் இவை, நாட்காட்டி ஆண்டுகளுக்கு மாற்றப்படாதவை). அதே இடத்து மனித எலும்புகளை நேராக அளந்தபோது கரியைவிட மூத்த வயதுகள் வந்தன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கரியின் வயது தவறினால் வழக்கமாக அது மூப்புப் பக்கம்தான் தவறும். முந்நூறு வயது மரத்தின் உள்கட்டையை அடுப்பில் போட்டால், சமைத்த நாளை விட்டுவிட்டு அந்தக் கட்டை வளர்ந்த நாளைத்தான் கரி காட்டும். அப்படி மூப்பு காட்டக்கூடிய கரியைவிடவும் எலும்பு மூத்ததாக வருகிறது என்றால், பிழையை எலும்பில்தான் தேட வேண்டும். கரி கலைந்து வந்தது, எலும்புதான் சரி என்று சொல்லிப் பழைய முடிவைக் காப்பாற்றிக்கொள்ள வழி இருந்தது. அந்த வழியில் போகாமல் எலும்பைச் சந்தேகித்ததுதான் இந்தக் கதையின் முதல் நல்ல முடிவு என்பேன்.

எலும்பு என்ன சொன்னது

சந்தேகத்துக்கு ஆதாரம் ஏற்கெனவே கையில் இருந்தது. இந்த எலும்புகளின் உணவு ஆய்வு 1997லேயே வெளியாகியிருந்தது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு கிராம் அளவு எலும்புத் துண்டை எடுத்து மேற்புறத்தைச் சுரண்டிவிடுவார்கள். குளிர்ச்சியான, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நாள் ஊறப் போடுவார்கள். தாதுப்பொருள் கரைந்துபோய், அதே எலும்பின் வடிவத்தில் ரப்பர் மாதிரி வளைகிற ஒன்று மிஞ்சும். அதுதான் கொலாஜன் என்ற புரதம். லேசான அமிலம் கலந்த சுடுநீரில் வைத்தால் அதுவும் கரைந்து ஜெலட்டின் ஆகும், ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டிப்படுகிறதே, அதே சங்கதி. வடிகட்டி, உறைய வைத்து, நீரை உறிஞ்சி எடுத்தால் பஞ்சு மிட்டாய் போல வெள்ளையாக ஒன்று கிடைக்கும். அதில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவை வெள்ளீயக் குப்பியில் மடித்து எரித்து, வரும் வாயுக்களை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமாலைமானிக்குள் விடுவார்கள். கொலாஜன் மண்ணில் கெட்டுப்போயிருந்தால் அதில் உள்ள கார்பன், நைட்ரஜன் அணுக்களின் விகிதம் 2.9க்கும் 3.6க்கும் வெளியே போய்விடும். அப்படிப்பட்ட மாதிரிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பார்ப்பது இரண்டு எண்கள். ஒரு பொது ஒப்பீட்டுப் பொருளைவிட ஆயிரத்தில் எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்பதே இந்த எண், குறைவு என்றால் கழித்தல் குறியோடு வரும். நைட்ரஜனில் சற்றுக் கனமான நைட்ரஜன்-15 உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு ஏறும். புல் தின்னும் மானைவிட மானைத் தின்பவருக்கு அதிகம். ஆற்றில் படிகள் இன்னும் கூடுதல்: பாசி, பூச்சி, சிறுமீன், பெருமீன், கடைசியில் மனிதர். கார்பனில் கார்பன்-13ஐப் பார்ப்பார்கள். கடல் உணவு தின்றவர்களையும் சோளம், கம்பு வகைத் தானியம் தின்றவர்களையும் அது பிரித்துக் காட்டும்.

டான்யூப் கரையின் வேட்டைக்கால மக்களுக்கு நைட்ரஜன் எண் ஆயிரத்தில் 15ஐ ஒட்டி வந்தது. மான் கறி மட்டும் தின்றவருக்கு அவ்வளவு ஏற வழியில்லை. கடல் மீனோ என்றால் கார்பன் எண் ஒத்துழைக்கவில்லை. கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது -12ஐ நெருங்கும், இவர்களுக்கோ -20 பக்கம். ஆக, புரதத்தில் பெரும்பகுதி ஆற்று மீன்: கெண்டை, ஆளுயரம் வளரும் கெளுத்தி இனம், கருங்கடலிலிருந்து முட்டையிட ஆறு ஏறி வரும் ஸ்டர்ஜன்.

கையால் பொறுக்கிச் சேர்த்த எலும்புக் குவியலை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. மான் தொடை எலும்பு தோண்டுகிறவர் காலில் இடறும், மீன் முள் சல்லடை வைத்துச் சலித்தால்தான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: கொலாஜன் பேசுவது புரதத்தைப் பற்றித்தான். கொட்டை, பழம், கிழங்கு என்று இவர்கள் தின்றது எவ்வளவோ இருக்கலாம், அதில் புரதம் குறைவென்பதால் இந்த எண்ணில் அது அரைகுறையாகவே தெரியும். 'மீன் மட்டுமே தின்றார்கள்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

மீனுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

சுண்ணாம்புப் பாறை உள்ள நிலத்தில் ஓடும் ஆறு பாறையைக் கரைத்துக்கொண்டே ஓடும். பாறையின் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டு பழையது, அதில் கார்பன்-14 துளியும் இருக்காது. அந்தக் கார்பனைப் பாசி எடுத்துக்கொள்கிறது, பாசியிலிருந்து மீன், மீனிலிருந்து மனிதர். உயிரோடு நடமாடும் ஆளின் எலும்பிலேயே செத்த கார்பன் கலந்துவிடுகிறது. எலும்பின் கார்பனில் நூற்றுக்கு ஐந்து பங்கு இப்படிப்பட்டதாக இருந்தாலே போதும், கணக்கில் ஏறத்தாழ 400 ஆண்டு கூடிவிடும். பாலில் தண்ணீர் கலந்தது லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கும்வரை தெரியாத மாதிரிதான்.

கடல் உணவால் இப்படி நேரும் என்பது முன்பே தெரிந்த விஷயம், அதற்குத் திருத்த அட்டவணைகளும் இருந்தன. ஆற்றுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு ஆற்றுக்கும் அதன் பாறையைப் பொறுத்து வேறு வேறு. எனவே இந்த ஆற்றுக்கான எண்ணை இந்த ஆற்றங்கரையிலேயே எடுத்தாக வேண்டும்.

அம்பை எடுத்த காரணம்

அதற்கு வேண்டியது ஒரு ஜோடி: ஒரே நாளில் மண்ணுக்குள் போன இரண்டு பொருள்கள், ஒன்று மீன் தின்ற உடம்பு, மற்றொன்று மீனோடு எந்தத் தொடர்பும் இல்லாதது.

புதைகுழி மண்ணில் கிடந்த கரியை எடுத்திருக்கலாம். ஆனால் குழி தோண்டும்போது பழைய அடுப்புச் சாம்பல் உள்ளே விழுவது சாதாரணம். குழிக்குள் கிடந்த விலங்கு எலும்பும் அப்படித்தான், எப்போது வந்து விழுந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இப்போது அம்புமுனையை யோசித்துப் பாருங்கள். குளம்புள்ள காட்டு விலங்கின் எலும்பில் செதுக்கியது அது. அந்த விலங்கு புல்லும் தழையும் தின்றது, அதன் கார்பன் காற்றிலிருந்து வந்தது. ஆளோடு அம்பு குழிக்குள் போன நாளில் சந்தேகமே இல்லை. முனை செய்து சில ஆண்டு கழித்து எய்திருக்கலாம், பத்து இருபது ஆண்டு வித்தியாசம் வரலாம். நானூறு ஆண்டு வராது. இறந்தவரின் துரதிருஷ்டம் ஆய்வாளருக்கு அளவுகோலாகிவிட்டது என்பது கேட்கக் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

ஸ்கேலா கிளடோவெயில் இப்படி எலும்புக்கூட்டோடு ஒட்டியே கிடைத்த எலும்புக் கருவிகளையும் அந்தந்த ஆளின் எலும்பையும் ஜோடி ஜோடியாக அளந்தார்கள். மனிதருக்கும் கருவிக்கும் இடையில் 300 முதல் 500 ஆண்டு இடைவெளி வந்தது. எல்லா ஜோடியிலும் மனிதர்தான் மூத்தவர்.

கணக்குப் போட்ட விதம்

அடுத்த முடிவுதான் கெட்டிக்காரத்தனமானது. 2001ல் வெளியான கட்டுரையில், எல்லா எலும்பிலும் கண்ணை மூடிக்கொண்டு 400ஐக் கழிக்காமல், ஒவ்வொருவரின் நைட்ரஜன் எண்ணை வைத்தே அவரவர் திருத்தத்தைக் கணக்கிட்டார்கள். மீன் அதிகம் தின்றவருக்குப் பிழையும் அதிகமாகத்தானே இருக்கும்.

தோராயமாகப் போட்டுக் காட்டுகிறேன். நிலத்து உணவு மட்டும் என்றால் நைட்ரஜன் எண் சுமார் 8, ஆற்று உணவு மட்டும் என்றால் சுமார் 17 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 15 வந்தால், 8க்கு மேல் 7 ஏறியிருக்கிறது. மொத்த ஏற்றம் 9. ஆக அவர் புரதத்தில் ஒன்பதில் ஏழு பங்கு ஆற்றிலிருந்து. முழுக்க மீன் தின்பவருக்குப் பிழை 500 ஆண்டு என்று கொண்டால், இவருக்குச் சுமார் 390 ஆண்டு கழிக்க வேண்டும். 11 வந்தவருக்கு 170 போதும்.

இந்தக் கணக்கை லெப்பென்ஸ்கி வீர் எலும்புகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். திருத்திய வயதுகள் 7310க்கும் 6720க்கும் இடையில் வந்து உட்கார்ந்தன. அடுப்புக்கரிகள் சொன்ன 7360 முதல் 6560 வரை என்ற எல்லைக்குள் சரியாகப் பொருந்திவிட்டது. கரியின் எண்களை எடுத்துக் கணக்கை இழுத்து மடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தம் வந்தது ருமேனியக் கரையின் அம்புகளிலிருந்து, சரிபார்த்தது செர்பியக் கரையின் கரி.

விளைவு

தேதி சரியானதும் சாப்பாட்டுக் கதையும் ஒழுங்குக்கு வந்தது. கார்பன் வயது 7100 வரை, அதாவது நாட்காட்டி ஆண்டுக்கு மாற்றினால் ஏறக்குறைய கி.மு. 6000 வரை, இந்த மக்களின் புரதம் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வந்திருக்கிறது. அதன் பிறகு நிலத்து உணவும் ஆற்று உணவும் கலந்த எண்கள் தெரிகின்றன. திருத்தம் செய்யாமல் விட்டிருந்தால் மீன் தின்றவர்கள் மட்டும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கறியும் தானியமும் தின்றவர்கள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு பேருக்கு நடுவே இல்லாத ஒரு நூற்றாண்டு இடைவெளி முளைத்திருக்கும்.

உணவு மாறியதே உழவு வந்ததற்குச் சான்று ஆகிவிடுமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மீன் குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம், மீன் குறையாமலேயே மண்பாண்டமும் ஆடும் வந்திருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

இன்று செய்தால்

ஜோடிகள் மிகக் குறைவு, விரல்விட்டு எண்ணிவிடலாம். நைட்ரஜனும் மீனின் அளவும் நேர்கோட்டில் போகும் என்பதும் ஒரு ஊகம்தான். அதோடு ஸ்டர்ஜன் என்ற மீன் இந்தக் கணக்கில் ஒரு முள். அது வளர்ந்தது கடலில், பிடிபட்டது ஆற்றில். அதன் உடம்பில் உள்ள கார்பன் ஆற்றுப் பாறையின் கார்பன் இல்லை. ஸ்டர்ஜனை அதிகம் தின்ற ஒருவருக்கும் கெளுத்தியை அதிகம் தின்ற ஒருவருக்கும் நைட்ரஜன் எண் ஒன்றாக வந்தாலும் வயதுப் பிழை வேறாக இருக்கலாம். இன்று ஒரு குழு இதைத் தொடங்கினால் அந்தந்த இடத்து மீன் முள்ளையும் மான் எலும்பையும் முதல் நாளே மனித எலும்போடு சேர்த்து அளக்கும் என்று நம்புகிறேன். கைக்குழந்தைகளை ஒதுக்கவும் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நைட்ரஜன் எண் தாயைவிட ஒரு படி மேலே நிற்கும், மீனே தின்னாத பிள்ளை பெரிய மீனவனாகத் தெரியும்.

2010ல் இதே பள்ளத்தாக்கு எலும்புகளில் கந்தகத்தின் ஐசோடோப்பையும் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகை) அளந்தார்கள். ஆற்றின் கந்தகமும் நிலத்தின் கந்தகமும் வேறாக உள்ள இடங்களில் மீன் தின்றதை அது தனியாகவே காட்டிக்கொடுக்கும். நைட்ரஜனை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை அதனால் கொஞ்சம் தளர்ந்தது.

எலும்பை எடுக்கும் அளவும் யோசிக்க வேண்டியது. ஒரு கிராம் என்று சுலபமாக எழுதிவிட்டேன், அந்த ஒரு கிராம் திரும்பி வராது. தேதிக்கு ஒரு தடவை, உணவுக்கு ஒரு தடவை, மரபணுவுக்கு ஒரு தடவை என்று வெட்டாமல், ஒரே துண்டில் எல்லாவற்றையும் திட்டமிட்டு எடுப்பதே முறை.

நான்கு பேர்

2013ல் பற்களில் உள்ள ஸ்ட்ரோன்ஷியம் என்ற தனிமத்தின் ஐசோடோப் அளவீடு வெளியானது. பல் உருவாகும் வயதில் ஒருவர் எந்த மண்ணின் உணவைத் தின்றார் என்பதை அது காட்டும். உழவு வந்த காலத்தில் வெளியிடத்தில் வளர்ந்து இங்கே வந்து புதைக்கப்பட்டவர்கள் கூடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது.

2018ல் லெப்பென்ஸ்கி வீரில் கிடைத்த நான்கு பேரின் மரபணுவைப் படித்தார்கள். இரண்டு பேர் முழுக்க அனத்தோலிய உழவர் வழி. பற்கள் அவர்கள் வெளியூரில் வளர்ந்தவர்கள் என்கின்றன, நைட்ரஜன் எண் அவர்கள் நிலத்து உணவு தின்றவர்கள் என்கிறது. இன்னொருவர், அநேகமாக இவர்களுக்கெல்லாம் முந்தியவர், முழுக்க வேட்டைக்கார வழி. மீதமுள்ள ஒருவர் கி.மு. 6070ஐ ஒட்டி வாழ்ந்தவர். அவருடைய முன்னோரில் உழவரும் உண்டு, வேட்டைக்காரரும் உண்டு. அவர் எலும்பு நிறைய மீன்.